விடுபட்ட ஓர் எண்: கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கை

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர் நடத்தும் ஆண்டு விழாக்களில், சிறுவர் பேச்சுப் போட்டியென்று வந்துவிட்டால், இராமானுஜனைப் பற்றிப் பேச ஒரு பிள்ளையாவது மேடை ஏறாமல் இருப்பதில்லை. மேடை ஏறிய பிள்ளை 1729 என்ற எண்ணைச் சொல்லாமல் இறங்குவதும் இல்லை. மருத்துவ விடுதியில் நோயுற்றிருந்த இராமானுஜனைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறதென்றும் கூறினார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகைகளில் எழுதக்கூடிய எண்களுள் அதுவே மிகச் சிறியதென்று நோயாளி உடனே விடையிறுத்தார். கதை மெய்யானதே. ஆயினும் அதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளின் உள்ளத்தில், இராமானுஜன் ஒரு மந்திரக்காரர், எண்கள் அவர் வாயிலிருந்து தாமே உதிர்ந்தன, அவருக்கும் நமக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. ஒருவரைத் தெய்வமாக்கித் தொழுதுவிட்டால், அவரைப் பின்பற்ற வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறதன்றோ?

ஆதலின் இம்மலரில் நாம் வேறோர் எண்ணை எடுத்துக்கொள்கிறோம். பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட பேரெண் அது: 67,46,32,83,88,800. சொல்லால் சொன்னால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இது எழுதுகோலும் தாளும் கொண்டு இராமானுஜன் உழைத்துத் தேடிய எண். இதற்குச் சற்று முன்னே அவர் தவறவிட்ட எண் ஒன்றும் இருக்கிறது. இவ்விரண்டையும் வழித்துணையாகக் கொண்டு அவர் வாழ்க்கையை நோக்கினால், மந்திரக்காரர் மறைந்து மனிதர் தோன்றுவார்.

குடந்தையில் வளர்ந்த பிள்ளை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த சிறிய வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறிய சிறுவன், மறு ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான்.

1903இல், பதினாறு வயது நிரம்புமுன், கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. தேர்வுக்குச் செல்லும் மாணவர்களின் பொருட்டு ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாக அடுக்கிய நூல் அது. நிறுவும் வழிகள் பெரும்பாலும் அதில் இல்லை. வேறொரு மாணவனுக்கு அது வறட்சியாகத் தோன்றியிருக்கும். இராமானுஜனோ, ஒவ்வொரு முடிவையும் தாமே விடுவிக்க வேண்டிய புதிராகக் கொண்டார். தாள் வாங்கப் பொருளில்லை. ஆகவே சிலேட்டுப் பலகையில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். கிடைத்த விடையை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். வழி பலகையோடு அழிந்தது. விடை மட்டும் நின்றது. அவர் குறிப்பேடுகளைப் பார்ப்பவர்க்கு விடைகள் வானிலிருந்து இறங்கியனபோல் தோன்றுவதற்கு இவ்வறுமையும் ஒரு காரணம் எனலாம்.

1904இல் கணிதப் பரிசோடு பள்ளியை விட்டு வெளிவந்தார். குடந்தை அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் கணிதம் ஒன்றைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவிச் சம்பளம் பறிபோனது. 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்று மீண்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, 1907இல் தனியாக எழுதியும் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் காசில்லை. மதிப்பெண் பட்டியலை ஏந்திவரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி விசாரணை செய்யும் பெற்றோர், இருபது வயதில் இராமானுஜன் நின்ற நிலையை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

கதவைத் திறந்தவர்கள்

1909இல் அவருக்கும் ஜானகிக்கும் மணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்தபின் வேலை தேடி அலைந்தார். அந்நாளில் அவருக்குக் கைகொடுத்தவர்களின் பெயர்களை நாம் மறக்கலாகாது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தார். இளைஞனின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, சென்னையிலுள்ள நண்பர்களிடம் அறிமுகம் செய்து அனுப்பினார். நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதந்தோறும் உதவினார். 1911இல் முதல் கட்டுரை கழகத்தின் இதழில் அச்சேறியது. 1912 மார்ச் முதல் நாள் சென்னைப் போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். அவரும் அலுவலகத் தலைவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்த எழுத்தரின் அருமையை உணர்ந்து ஊக்கினர்.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் விடுத்தார். அவருக்கு முன்னரே ஆங்கிலக் கணிதர் இருவருக்கு எழுதிப் பயன் கிட்டவில்லை. ஹார்டியோ தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அதை ஆராய்ந்து, எழுதியவர் பெருமேதை என்று தெளிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சென்னைக்கு வந்தபோது இங்கிலாந்துப் பயணம் உறுதியாயிற்று. கடல் கடத்தல் ஆகாதென்ற தடை இருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாணை கனவில் கிடைத்ததாகத் தாயார் இசைந்தார் என்பர். குடுமி களையப்பட்டது. 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார்.

ஒருவரின் மேதைமை அவருடையதே. ஆனால் அது உலகுக்குப் பயன்பட, துணைக் கலெக்டர் முதல் கணக்கர் வரை எத்தனை பேர் கதவு திறக்க வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொள்வோமாக.

பேரெண்ணின் பெருமை

இனி நம் பேரெண்ணுக்கு வருவோம். 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் இராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. அறுபது பக்கங்களுக்கு மேற்பட்டது. அதன் பொருள், நாம் உயர்பகு எண்கள் என்று அழைக்கக்கூடிய எண்களைப் பற்றியது.

12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகள் பெற்ற எண்ணே உயர்பகு எண். 24க்கு எட்டு வகுத்திகள், 60க்குப் பன்னிரண்டு, 360க்கு இருபத்து நான்கு. இவை யாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. நாளொன்றுக்கு 60 நாழிகை என்றும், நாழிகையொன்றுக்கு 24 நிமிடம் என்றும், ஆண்டுச் சுழற்சி 60 என்றும் நம் முன்னோர் கொண்ட கணக்குகளை நோக்குக. பங்கிடுவதற்கு எளிய எண்களையே மக்கள் எங்கும் விரும்பியிருக்கின்றனர்.

எண்கள் பெரிதாகப் பெரிதாக இவ்வினம் அரிதாகிறது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து இவற்றைக் காண ஓர் ஆயுள் போதாது. இராமானுஜன் இவற்றின் உள்ளமைப்பை ஆராய்ந்தார். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். உயர்பகு எண்ணில் 2, 3, 5, 7 என்று பகா எண்கள் இடைவிடாது தொடர்ந்து வரும். அவற்றின் அடுக்குகள் ஏறுவதில்லை, இறங்கியோ சமமாகவோ செல்லும். கடைசிப் பகா எண் ஒருமுறை மட்டுமே வரும். இக்கடைசி விதிக்கு 4, 36 என்னும் இரண்டு மட்டுமே விலக்கு. இவ்விதிகளையும் இவற்றினும் நுண்ணிய பலவற்றையும் நிறுவி, நூற்றுக்கும் மேற்பட்ட உயர்பகு எண்களை ஒரு பட்டியலாக அவர் அமைத்தார். அப்பட்டியலின் கடைசியில் நிற்பதே நம் பேரெண்.

அதைப் பிரித்தால், 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒருமுறை எனப் பெருகி வருவதைக் காணலாம். வகுத்திகளை எண்ணுவதற்கு எளிய வழி உண்டு. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். 7, 5, 3, 3, பின்னர் ஐந்து இரண்டுகள், பெருக்கினால் 10,080. இத்தனை வகுத்திகள் அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லை. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் அதில் மீதி வராது. 29இல்தான் முதன்முறையாக மீதி தட்டும். விழாவுக்கு வந்தவர் 28 பேர் வரை எத்தனை பேராயினும் சரிபாதியாக, சரிபங்காகப் பிரித்தளிக்கக்கூடிய பொங்கற் பானை என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இன்னுமொரு வியப்பு: வகுத்திகளின் தொகையான 10,080 என்பதும் ஓர் உயர்பகு எண்ணே.

இவ்வாய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறியவர் பெற்ற முதற் பட்டம் அது.

அயல்நாட்டுக் குளிரில்

கட்டுரை வெளிவந்த காலம் போர்க்காலம். லிட்டில்வுட் போர்ப்பணிக்குச் சென்றார். கணிதக் கழகத்திற்குப் பணமுடை. செலவைக் குறைக்கும் பொருட்டுக் கட்டுரையின் பிற்பகுதியை இராமானுஜன் வெளியிடாமல் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. குடந்தையில் தாள் வாங்க வழியின்றிப் பலகையில் எழுதியவரை, இலண்டனிலும் தாளின் பஞ்சம் விடவில்லை. அப்பகுதி 1997இல்தான் அச்சேறியது. எழுதியவர் மறைந்து 77 ஆண்டுகள் கடந்திருந்தன.

மரக்கறி உணவையன்றி உண்ணாத அவர், டிரினிடிக் கல்லூரி அறையில் தாமே சமைத்துக்கொண்டார். போரினால் காய்கறியும் நம் நாட்டுப் பொருள்களும் அரிதாயின. குளிரோ கொடியது. அந்நாளில் கேம்பிரிட்ஜில் பயின்ற வங்காள மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குச் சென்றார். இரவெல்லாம் குளிரில் வருந்துவதாகக் கேட்டுப் படுக்கையைப் பார்த்தபோது, கம்பளிகள் விரிப்பின்கீழ் மடித்துச் செருகியபடியே இருந்தன. அவற்றின் மேலேயே இராமானுஜன் படுத்து உறங்கி வந்தார். உள்ளே நுழைந்து போர்த்திக்கொள்ள வேண்டுமென்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. பேரெண்களின் உள்ளறைகளையெல்லாம் திறந்தவர்க்குப் படுக்கையைத் திறக்கத் தெரியவில்லை என்று நகைக்கத் தோன்றும். ஊர் விட்டு ஊர் வந்து, முதற் குளிர்காலத்தை அண்டை வீட்டாரின் அறிவுரையால் கடந்தவர்கள் நகைக்கமாட்டார்கள். அந்த மகலனோபிஸே பின்னாளில், 1931இல், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார்.

அவ்வாண்டுகளில்தான் மற்றோர் அரிய பணியும் நிறைவேறியது. 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரித்தெழுதலாம். 10 என்றால் 42 வகை. 100 என்றால் 19 கோடிக்கு மேல். இதற்கு ஒரு வாய்பாடு காண ஹார்டியும் இராமானுஜனும் இணைந்து முயன்றனர். வாய்பாட்டைச் சோதிக்க உண்மையான எண்ணிக்கை வேண்டுமே! பீரங்கிப் படையில் பணியாற்றிய மேஜர் மக்மஹோன் என்ற கணிதர், 200 வரை எல்லா எண்களுக்கும் பிரிவினைகளைக் கையாலேயே கணக்கிட்டுத் தந்தார். 200க்கு அவர் கண்டது 39,72,99,90,29,388. வாய்பாட்டின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அதே எண் வந்தது. வேறுபாடு ஆயிரத்தில் நான்கு பங்கே. 1918இல் வெளியான இவ்வாய்வில், ஒருவரின் உள்ளுணர்வும், ஒருவரின் நிறுவுதிறனும், ஒருவரின் பொறுமையும் கைகோத்து நின்றன.

மீண்டு வந்தது

1917இல் நோய் பற்றியது. அன்றைய மருத்துவர்கள் காசநோய் என்று கருதினர். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாமென்று 1994இல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையை அடைந்த இரண்டாவது இந்தியர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடிக் கல்லூரியின் ஃபெலோவான முதல் இந்தியரும் ஆனார். 1919 மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியபோது உடல் மெலிந்திருந்தது. சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றியும் நோய் தணியவில்லை. ஆயினும் எழுதுகோல் ஓயவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் முற்றிலும் புதியதொரு கணித இனத்தை அறிவித்தார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் மறைந்தார். இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் டிரினிடி நூலகத்தில் மறைந்து கிடந்து 1976இல் வெளிப்பட்டன.

இளம் வயதில் தனித்துவிடப்பட்ட ஜானகி அம்மாள், பம்பாயில் தம் சகோதரர் இல்லத்தில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். தையற்கலை பயின்று, 1931இல் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் பல்கலைக்கழக ஓய்வூதியத்தையும் தையல் வருவாயையும் கொண்டு தம் காலில் நின்று வாழ்ந்தார். 1994இல் அவர் மறைந்தார்.

விடுபட்ட எண்

தொடக்கத்தில் சொன்ன விடுபட்ட எண் யாது? இராமானுஜனின் பட்டியலை மீண்டும் கணக்கிட்ட பின்னாளைய ஆய்வாளர்கள், அதில் ஓர் உயர்பகு எண் இடம்பெறாததைக் கண்டனர். அது 2,93,31,86,25,600. அதற்கு 5,040 வகுத்திகள் உண்டு. நம் இல்லத்துப் பிள்ளைகள் ஒரு தாளை எடுத்து இதை 23ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். கிடைப்பது 67,46,32,83,88,800; பட்டியலின் கடைசியில் நிற்கும் அதே பேரெண்! அதிலிருந்து 23 என்ற ஒரு பகா எண்ணை மட்டும் உருவிவிட்டால் எஞ்சுவதே அவர் தவறவிட்ட எண்.

இதைச் சொல்வது பெரியவரைச் சிறியவராக்க அன்று. தெய்வ வாக்கில் பிழை இராது; மனித உழைப்பில் இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை வரிசையாகத் தேடி, ஒவ்வொன்றையும் பிரித்து, வகுத்திகளை எண்ணி எழுதிய கை, ஓரிடத்தில் தவறியது. அத்தவறே அந்தப் பட்டியல் கையால் எழுதப்பட்டது என்பதற்குச் சான்று. அவர் நிறுவிய விதிகள் அசையவில்லை. விடுபட்ட எண்ணும் அதே விதிகளுக்கு அடங்கி நிற்கிறது. ஒரு கணக்கில் தவறினால் தனக்குக் கணிதமே வராதென்று கண்ணீர் வடிக்கும் பிள்ளைக்கு, 1729ஐவிட இந்த எண்ணின் கதையே மருந்தாகும் என்று நாம் துணிந்து கூறுவோம்.

இறுதியாக ஒன்று. நாடு திரும்புவதற்குச் சில வாரங்களுக்கு முன், சென்னைப் பல்கலைக்கழகம் தமக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்ததற்கு நன்றி கூறி, 1919 ஜனவரியில் இராமானுஜன் கடிதம் எழுதினார். பெற்றோருக்கு வேண்டியதும் தம் செலவுக்கு வேண்டியதும் போக எஞ்சியதை, ஏழை மாணவர், ஆதரவற்ற சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்த வேண்டுமென்று அதில் வேண்டிக்கொண்டார். கட்டணம் செலுத்த முடியாமல் நின்ற நாட்களை அவர் மறக்கவில்லை. பங்கிடத் தக்க எண்களை ஆராய்ந்தவர், தம் பொருளையும் பங்கிடத் தக்கதாகவே கருதினார்.

நம் குடியிருப்பிலும், ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றவற்றில் தவறும் பிள்ளை இருக்கலாம். தாளும் நூலும் வாங்க இயலாத பிள்ளையும் இருக்கலாம். புதிதாக ஊரிலிருந்து வந்து, கம்பளியின் மேல் படுத்துக் குளிரில் நடுங்கும் இளைஞனும் இருக்கலாம். அவர்களுள் ஒருவர் இராமானுஜன் ஆவாரா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. நாம் ஒரு இராமசாமி ஐயராக, ஒரு நாராயண ஐயராக, ஒரு மகலனோபிஸாக இருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும். நம் பட்டியலில் எந்தப் பிள்ளையும் விடுபட்ட எண்ணாக நின்றுவிடாதிருக்கட்டும்.